டொமைன் கணினிகளில் 8.8.8.8 வேண்டாம்

டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பில், சேர்த்த கணினிகளுக்கு டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் சேவை) முகவரியாக டொமைன் கன்ட்ரோலரின் (டொமைனை நடத்தும் சர்வர்) ஐபியை மட்டும் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போன்ற வெளி முகவரியைப் போடாதீர்கள். அது இருக்க வேண்டிய இடம், சர்வரின் டிஎன்எஸ் அமைப்பில் உள்ள ஃபார்வர்டர்ஸ் பகுதி; தனக்குத் தெரியாத பெயர்களைச் சர்வர் அங்கிருந்துதான் வெளியே கேட்கும். டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி, டிஎன்எஸ் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் சேவை) வைத்திருந்தால் 006-ஆம் ஆப்ஷனில் ஒருமுறை திருத்தினால் போதும், மேசை மேசையாக அலைய வேண்டியதில்லை.

லாகின், குரூப் பாலிசி (கணினிகளுக்குச் சர்வரிலிருந்து வரும் பொது அமைப்புகள்) என எதற்கும் கணினி முதலில் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கும். அந்த இடத்தைச் சொல்லும் எஸ்ஆர்வி பதிவுகள் இருப்பது உங்கள் சர்வரில். முதல் முகவரி சற்றே தாமதித்தாலும் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிவிடும். அங்கே "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். அதுவும் பதில்தானே, எனவே மறுபடி கேட்காது. காலையில் ஆமை வேக லாகின், மதியம் எல்லாம் சரி என்ற மர்மத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம். கேபிளைக் குறை சொல்லுமுன் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் /all போட்டு டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள்.

விருந்தினர் வைஃபை, டொமைனில் சேராத கைப்பேசிகளுக்கு இது தேவையில்லை. அவற்றுக்கு வெளி டிஎன்எஸ்ஸே நல்லது. ஒரே கன்ட்ரோலர் உள்ள அலுவலகத்தில் அது படுத்தால் இன்டர்நெட்டும் படுத்துவிடும், உண்மைதான். அதற்கு மருந்து இரண்டாவது கன்ட்ரோலர், 8.8.8.8 அல்ல.