இணையவழிப் பொதுக்கருத்தை ஆராய்வது எப்படி?

பதிவுகளை எண்ணினால் மக்கள் கருத்து கிடைத்துவிடும் என்று நம்புபவர்கள் 1936-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலை முதலில் நினைவுகூர வேண்டும். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டிய லிட்டரரி டைஜஸ்ட் இதழ், குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். பதில்கள் எத்தனை வந்தன என்பதைவிட யாரிடமிருந்து வந்தன என்பதே முக்கியம். ஆகவே, ஆய்வின் தொடக்கத்திலேயே யாருடைய பேச்சை ஆராய்கிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோட்பாடு. எந்தத் தரவு தேவை என்பதை அதுவே தீர்மானிக்கும். 2017 ஜனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சிகள் இணையப் பேச்சை வழிநடத்தினவா, இணையம் அவற்றை வழிநடத்தியதா என்று கேட்டால், மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972-இல் முன்வைத்த நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாடு (மக்கள் எதைப் பற்றி யோசிப்பார்கள் என்பதை ஊடகங்கள் வடிவமைக்கின்றன என்பது) பொருந்தும். அதற்கு இரு தரப்புப் பதிவுகளையும் நாள்வாரியாக, முடிந்தால் மணிவாரியாக, ஒப்பிட வேண்டும். போராட்டத்தை ஏற்காதவர்கள் ஏன் பேசவில்லை என்பது கேள்வியானால், தம் கருத்து சிறுபான்மை என்று எண்ணுபவர்கள் தனிமைப்படுவோமோ என்று அஞ்சி வாய்மூடுகிறார்கள் எனும் நோயல்-நியூமனின் மௌனச் சுழல் கோட்பாட்டை நாட வேண்டும். ஆனால் எழுதாதவரைப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. நேர்காணலோ கருத்துக்கணிப்போ தேவை. ஸ்னோடன் அம்பலப்படுத்திய அமெரிக்க அரசின் கண்காணிப்பு விவகாரம் பற்றி பியூ ஆய்வு மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் பேசத் தயாராக இருந்தவர்கள் 86 விழுக்காடு. ஃபேஸ்புக், ட்விட்டர் பயனர்களில் அங்கே எழுதத் தயாராக இருந்தவர்கள் 42 விழுக்காடு மட்டுமே.

தரவு திரட்டும்போது 'ஜல்லிக்கட்டு' என்று மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும். சல்லிக்கட்டு, ஏறுதழுவுதல், மஞ்சுவிரட்டு ஆகியவற்றையும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோரின் பலவிதமான எழுத்துக்கூட்டல்களையும் சேருங்கள். மெரினாவில் கூட்டம் திரளத் தொடங்கிய 17-ஆம் தேதிக்குச் சில நாள் முன்பிருந்தே காலவரம்பை வைத்து, அவசரச் சட்டம் வந்த 21-ஆம் தேதியையும் காவல்துறை கூட்டத்தைக் கலைத்த 23-ஆம் தேதியையும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிப்பது நல்லது. ட்விட்டர் 2023-இல் இலவசத் தரவு அணுகலை நிறுத்தியது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பொதுப் பதிவுகளைத் தேடித் திரட்ட உதவிய கிரௌட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. எனவே, தரவு கிடைக்கும் வழியை உறுதிசெய்த பிறகே ஆய்வுத் திட்டத்தை எழுதுங்கள்.

திரட்டிய பதிவுகளை ஆதரவு, எதிர்ப்பு என்பதுபோல வகைப்படுத்துவதுதான் கடினமான வேலை. 'ஆகா, என்னே நம் அரசின் அக்கறை!' என்ற வரியை மென்பொருள் பாராட்டாகவே எண்ணிவிடக்கூடும். தமிழ் இணையத்தில் நையாண்டிக்கா பஞ்சம்? ஆகவே எந்தப் பதிவை எந்த வகையில் சேர்ப்பது என்ற விதிகளைக் கொண்ட ஒரு குறியீட்டுக் கையேடு தயாரித்து, பதிவுகளின் அதே மாதிரியை இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி, இருவரும் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கோஹனின் கப்பா அல்லது கிரிப்பென்டார்பின் ஆல்பா என்ற புள்ளியியல் அளவால் சோதிக்க வேண்டும். ஆல்பா 0.80-ஐ எட்டாவிட்டால் பெரும்பாலும் கையேட்டைத்தான் திருத்த வேண்டியிருக்கும். வகைப்படுத்திய உதவியாளரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஒரே வாசகத்தைச் சில நொடி இடைவெளியில் வெளியிடும், தானியங்கியாக இருக்கக்கூடிய கணக்குகளை நீக்கிவிடாமல் தனியே குறித்துவைத்து, அவற்றைச் சேர்த்தும் விலக்கியும் முடிவைக் கணக்கிடுங்கள்.

எழுதும்போது 'மக்களில் இத்தனை விழுக்காடு' என்னாமல் 'திரட்டிய பதிவுகளில் இத்தனை விழுக்காடு' என்றே குறிப்பிடுங்கள். தனிநபரின் வரியை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பெயரை நீக்குவதோடு நிற்காமல் வாசகத்தையும் பொருள் மாறாமல் மாற்றி எழுதுங்கள்.