ஹாம்லெட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டியவன். 'ஹாம்லெட் ஏன் தயங்குகிறான்?' என்ற கேள்விக்கு 'அவன் சுபாவம் அப்படி' என்று நாலு பக்கம் நீட்டி எழுதினேன். 20க்கு 7. அதன் பிறகு எனக்குப் பழகிய வழியில் இறங்கினேன்.

நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஹாம்லெட்டுக்குத் தெரிந்தது, வலப்பக்கம் நமக்குத் தெரிந்தது. காட்சிக்கு இரண்டு வரி போதும், பென்சிலில் எழுதுங்கள். பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாம் அங்கத்தில் நார்வே இளவரசன் ஃபார்டின்பிராஸின் படையைப் பார்த்து ஹாம்லெட் தன்னையே திட்டிக்கொள்ளும் தனிமொழி 1604 பதிப்பில் உண்டு, 1623 பதிப்பில் இல்லை.

முதல் அங்கத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகும். தன் தம்பி கிளாடியஸ், இப்போது ராஜாவாக இருப்பவன், தன் காதில் விஷம் ஊற்றிக் கொன்றான் என்று ஹாம்லெட்டின் அப்பாவின் ஆவி சொல்கிறது. வேறு சாட்சி கிடையாது. ஆவி பேசுவதைக் கேட்டால் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து, அதாவது செத்தவர்கள் பாவம் தீர வேதனைப்படுவதாகக் கத்தோலிக்கர் நம்பும் இடத்திலிருந்து, வந்ததுபோல் இருக்கிறது. பையன் படித்ததோ புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் ஊரான விட்டன்பெர்கில். அங்கே அப்படி ஓர் இடத்தையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வந்தது பிசாசாக இருந்தால்? இரண்டாம் அங்கத்தின் கடைசியில் அவனே இதைக் கேட்கிறான். ரசீது இல்லாமல் பணம் கொடுக்க எனக்கும் கை வராது.

மூன்றாம் அங்கத்தில் கணக்கு உதைக்கும். ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸ் சொன்ன ஏதோ ஒரு வார்த்தை தன் மனசாட்சியைச் சாட்டையால் அடித்ததுபோல் இருக்கிறது என்று கிளாடியஸ் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். இந்த வசனத்தை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. வலப்பக்கத்தில் குற்றம் ஏறிவிட்டது, இடப்பக்கத்தில் இன்னும் சந்தேகம்தான். அப்புறம் நாடகத்துக்குள் நாடகம்: ஆவி சொன்னது நிஜமா என்று பார்க்க, கிளாடியஸின் முன்னால் ஹாம்லெட் நடிக்கவைப்பது. அதில் அரசனைக் கொல்பவன் தம்பி இல்லை, அண்ணன் மகன் முறை. ஹாம்லெட் கிளாடியஸுக்கு என்ன முறையோ அதே முறை! ராஜா பதறி எழுந்தது குற்ற உணர்வாலா, உயிர்ப்பயத்தாலா? இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து, கிளாடியஸ் மண்டியிடும் காட்சி. இதற்கு ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள். அவன் வாய்விட்டு ஒப்புக்கொள்வதைக் கேட்பது நாம் மட்டும்தான். ஹாம்லெட் வரும்போது அவன் மௌனமாகக் குனிந்திருக்கிறான். ஜெபத்தில் கொன்றால் சொர்க்கம் போய்விடுவானே என்று ஹாம்லெட் வாளை உறையில் போடுகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, சொற்கள் மேலே போயின, நினைப்பு கீழேயே நின்றுவிட்டது என்கிறான். அதாவது அந்த ஜெபம் ஜெபமே இல்லை. இதைத் தயக்கம் என்று எழுதித்தான் நான் மார்க்கைக் கோட்டைவிட்டேன். உயிரோடு சேர்த்து ஆன்மாவையும் அழிக்கக் காத்திருப்பவனைக் கோழை என்று சொல்ல முடியுமா? அடுத்த காட்சியிலேயே திரைக்குப் பின்னால் யார் என்று பார்க்காமல் குத்துகிறான். செத்தது பொலோனியஸ்.

வஞ்சகத்துக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பொலோனியஸ் சொந்த மகனை வேவு பார்க்கப் பாரிசுக்கு ஆள் அனுப்புவது ஒரு புள்ளி. கிளாடியஸ் இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடுத்தனுப்பிய கடிதத்தை ஹாம்லெட் மாற்றி எழுதி, அப்பாவின் முத்திரையைக் குத்தி, அதைக் கொண்டுபோகும் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸையும் கில்டன்ஸ்டர்னையும் சாவுக்கு அனுப்புவதும் புள்ளிதான். ஹாம்லெட்டின் தலையை வெட்டச் சொன்ன முதல் கடிதத்தில் என்ன இருந்தது என்று அந்த இருவருக்கும் தெரியுமா? நாடகம் சொல்வதில்லை. ஹாம்லெட்டோ, அவர்கள் என் மனசாட்சியை உறுத்தவில்லை என்கிறான். என் நோட்டில் அந்த வரிக்கு எதிரே இன்னும் பென்சில் கேள்விக்குறிதான் இருக்கிறது.