ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்: கதையிலும் விரலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலும் ஐந்து தந்தியும் கொண்ட வாத்தியம்) கற்க உட்காரும் எல்லோரும் இன்றோ நாளையோ இந்த மெட்டின் முன்னால் வந்து நிற்பார்கள். அமெரிக்க பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1949இல் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்'. அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த புளூகிராஸ் இசையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட முதல் இரண்டு நொடியில் "இதைக் கேட்டிருக்கிறேனே" என்று சொல்லும் மெட்டு இது. அதனாலேயே இதைப் பற்றித் தவறான கதைகளும் நிறைய, இதைத் தவறாக வாசிப்பவர்களும் நிறைய. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம்: அந்தப் பழைய பதிவைக் காது கொடுத்துக் கேட்காமல், யாரோ சொன்னதையும் எங்கோ எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்வது.

பெயரிலேயே தொடங்குகிறது குழப்பம். பிரேக்டவுன் என்றதும் நமக்கு நடுரோட்டில் நின்றுபோன பஸ்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் தென்பகுதியில் அது வேகமான ஆட்ட மெட்டுக்குப் பெயர். ஃபாகி மவுண்டன் எந்த மலை என்று வரைபடத்தில் தேடுகிறவர்களும் உண்டு. தேட வேண்டாம். கார்ட்டர் குடும்பத்தினர் பாடிய 'ஃபாகி மவுண்டன் டாப்' என்ற பாட்டிலிருந்து, கிட்டார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் தங்கள் குழுவுக்கு 'ஃபாகி மவுண்டன் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். குழுவின் பெயர் மெட்டுக்கும் வந்தது.

அடுத்த தவறு, இதை 1930களின் கொள்ளைக்காரர் காலத்து இசை என்று நினைப்பது. 1967இல் வந்த 'பானி அண்ட் கிளைட்' படத்தில் கார் துரத்தும் காட்சிகளுக்கு இந்த மெட்டைப் போட்டார்கள். படம் உலகமெங்கும் ஓடியது. கார் துரத்தல் என்றாலே பேஞ்சோ என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நிஜக் கொள்ளையர்களான பானியும் கிளைடும் சுட்டுக் கொல்லப்பட்டது 1934 மே மாதம். அப்போது ஸ்க்ரக்ஸுக்கு வயது 10. வட கரோலினாவின் கிளீவ்லண்ட் கவுண்டியில், ஃபிளின்ட் ஹில் என்ற சிற்றூரில் அண்ணன்மாரோடு வாழ்ந்த பையன். தகப்பனார் முன்பே இறந்துவிட்டார். ஏறக்குறைய அந்த வயதில்தான் மூன்று விரலால் வாசிக்கும் முறை கைக்கு வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் கார்கள் பறக்கும்போது ஒலிக்கும் இசை பிறக்க இன்னும் 15 வருஷம் இருந்தது.

"அப்படியானால் மூன்று விரல் முறையைக் கண்டுபிடித்தவர் ஸ்க்ரக்ஸ்" என்று அவசரப்படவும் கூடாது. வட கரோலினாவின் மேற்குப் பகுதியில் அவருக்கு முன்பே ஸ்மித் ஹாமெட், ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் மூன்று விரலால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரக்ஸ் செய்தது வேறு. விரல்கள் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சிக்கு நடுவிலிருந்து மெட்டு மட்டும் தனியாக எழுந்து வரும். 1945 டிசம்பரில் அவர் புளூகிராஸ் முன்னோடி பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தபோது கேட்டவர்கள் திகைத்துப் போனது இதனால்தான்.

வாத்தியத்தின் பூர்வீகத்திலும் இதே போன்ற தவறு நடக்கிறது. வெள்ளைக்கார மலைவாழ் மக்களின் வாத்தியம் என்றே பேஞ்சோவைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஐந்தாம் தந்தியைச் சேர்த்தவர் வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி என்றும் ஒரு கதை உலவுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியங்களின் வழி வந்தது பேஞ்சோ. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோண்டிங்கில் இன்றும் கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி இருக்கிறது. இந்த மெட்டில் விடாமல் மின்னிக்கொண்டிருக்கும் அந்த உச்ச ஒலி, ஐந்தாம் தந்தியின் ஒலி, அங்கிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் பேஞ்சோவின் கதையைச் சொல்லவே கூடாது.

சரி, மெட்டு யாருடையது? நாட்டுப்புற மெட்டு என்பதும் தவறு, மன்றோவிடமிருந்து எடுத்தது என்று ஒரே வரியில் முடிப்பதும் தவறு. மன்றோவின் குழு 1947இல் 'புளூகிராஸ் பிரேக்டவுன்' என்ற மெட்டைப் பதிவு செய்தது. பேஞ்சோ வாசித்தவர் ஸ்க்ரக்ஸ். அதை உருவாக்கியதில் அவர் கையும் உண்டு, ஆனால் பெயர் மன்றோவுக்குப் போனது. தொடக்கத்தில் வரும் இரட்டை ஹாமர்-ஆன் (ஒலிக்கும் தந்திமேல் இடக்கை விரலை விழவைத்து அடுத்த சுரத்தை எழுப்புவது) இரண்டு மெட்டுக்கும் பொது. 1948இல் குழுவை விட்டு வந்த பிறகு ஸ்க்ரக்ஸ் ஒன்றை மாற்றினார். மன்றோவின் மெட்டு ஜி கார்டிலிருந்து (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எஃப் மேஜருக்குப் போகும். இவர் ஈ மைனருக்குப் போனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முன்னது நேராக நடக்கிறது. பின்னது அந்த இடத்தில் சட்டென்று இருட்டி, மறுபடி வெளிச்சத்துக்கு வருகிறது.

1949 டிசம்பர் 11, சின்சினாட்டி நகரில் ஹெர்ஸாக் ஸ்டுடியோ, மெர்குரி நிறுவனத்துக்கான பதிவு. அந்த ஈ மைனர் இடத்தில் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. பேஞ்சோ ஈ மைனர் வாசிக்கிறது. ஃபிளாட்டின் கிட்டார் ஈ மேஜர் வாசிக்கிறது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பேஞ்சோவின் ஜி சுருதியில் நான்காம் தந்தி டி, மூன்றாவது ஜி, இரண்டாவது பி, முதல் தந்தி டி. நான்காவதையும் முதலாவதையும் இரண்டாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) அழுத்தினால் இரண்டும் ஈ ஆகிவிடும். நடுவில் ஜியும் பியும் தொடாமலே இருக்கின்றன. ஈ, ஜி, பி: ஈ மைனர் தயார். வாத்தியமே அந்தக் கார்டைக் கையில் கொடுக்கிறது. ஈ மேஜருக்கு வேண்டியது ஜி ஷார்ப். ஆக, பேஞ்சோவில் ஜி, கிட்டாரில் ஜி ஷார்ப், இரண்டுக்கும் அரைச் சுரம்தான் இடைவெளி, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. உரசத்தான் செய்யும். அந்த உரசல்தான் பழைய பதிவுக்கு ஒரு காரத்தைக் கொடுக்கிறது.

இங்கே இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். பதிவில் பிழை என்று ஒதுக்குவோர் ஒரு பக்கம். "ஒரிஜினலில் அப்படித்தான்" என்று கூட வாசிப்பவர்களிடம் சொல்லாமல் ஈ மேஜரை அடிக்கும் கிட்டார்காரர்கள் இன்னொரு பக்கம். இன்று பெரும்பாலான ஜாம்களில், அதாவது கூடி வாசிக்கும் அமர்வுகளில், ஈ மைனர்தான் வாசிக்கிறார்கள். எதுவானாலும் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு தடவையாவது கிட்டாரில் ஈ மேஜர் போடச் சொல்லி வாசித்துப் பாருங்கள் என்பேன். அப்போதுதான் 1949 பதிவு முழுசாகக் காதில் விழும்.

இனி விரலுக்கு வருவோம். நான் சொல்லித் தர உட்காரும்போது முதலில் பார்ப்பது மாணவர் கையை இல்லை, பேஞ்சோவின் பிரிட்ஜை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையை. அது ஒட்டப்பட்டதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் தோல்மேல் நிற்கிறது. இடித்தால் நகரும். நகர்ந்தால் இந்த மெட்டு மற்ற எந்த மெட்டையும்விட முன்னதாகக் காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்து ஹாமர்-ஆன் இரண்டாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவதுக்குப் போகிறது. அதாவது சி ஷார்ப்பிலிருந்து டிக்கு. உடனே அடுத்து ஒலிப்பது அழுத்தாத முதல் தந்தி, அதுவும் டி. ஒரே சுரம் இரண்டு தந்தியில், தோளோடு தோளாக. இரண்டும் துளி விலகினாலும் பல்லில் கல் கடிபட்டது போல் இருக்கும். ஆகவே, ஒவ்வொரு தந்தியிலும் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு வரும் மணியொலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேரவில்லை என்றால் பிரிட்ஜைத் தள்ளிச் சரிசெய்யுங்கள். பல மாதம் "என் விரல் சரியில்லை" என்று வருந்தியவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹாமர்-ஆன் செய்யும்போது நடுவிரலை உயரத் தூக்கி ஓங்கிக் குத்துகிறார்கள். தேவையே இல்லை. ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தியபடியே இருக்கட்டும். நடுவிரல் தந்திக்கு மிக அருகிலிருந்து, மூன்றாம் ஃப்ரெட் கம்பியை ஒட்டி விழட்டும். சி ஷார்ப்பும் டியும் சேர்ந்து, ரோலில் (வலக்கை விரல்கள் மாறி மாறி அடிக்கும் சுழல் வரிசையில்) ஒரே ஒரு சுரத்துக்கு உண்டான நேரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டையும் தனித்தனிச் சுரமாக இழுத்தால் தாளம் வழுக்கும். அவசரத்தில் நசுக்கினால் சி ஷார்ப் காணாமல் போய்விடும்.

வலக்கையில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முதல் ஹாமர்-ஆனை ஆள்காட்டி விரலால் அடித்துவிட்டு, இரண்டாவதையும் அதே ஆள்காட்டியால் அடிப்பார்கள். மெதுவாக வாசிக்கும்வரை தப்பிக்கலாம். வேகம் கூடினால் விரல் சோர்ந்து, இரண்டாவது அடி மெலிந்துவிடும். ஸ்க்ரக்ஸ் வரிசை இது: ஆள்காட்டி, நடு, கட்டை, நடு, கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை. இரண்டாவது அடி கட்டைவிரலுக்கு. அதனால்தான் அவர் வாசிப்பில் அந்த இடத்தில் ஒரு கனம் விழுகிறது. ரோலின் இந்த ஒரு சுற்றை மட்டும், இடக்கையைத் தொடாமல், ஒரு வாரம் வாசித்தாலும் நஷ்டமில்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தோல்மேல் ஊன்றி இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மெட்டை ஓட்டப்பந்தயமாக ஆக்கிவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதையே முன்னேற்றம் என்று நம்பினேன். எண் ஏறியது, மெட்டு கலைந்தது. எட்டுச் சுரமும் ஒரே சத்தத்தில் தையல் மெஷின் போல ஓடின. பழைய பதிவில் எல்லாச் சுரமும் ஒரே எடையில் இல்லை. எது மெட்டு, எது நிரப்பல் என்று ஒரு குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். உங்கள் வாசிப்பைப் போனில் பதிவு செய்து, பேஞ்சோ தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் மெட்டை முணுமுணுக்க முடிந்தால் வேகத்தை ஏற்றலாம். முடியாவிட்டால் இறக்குங்கள்.

டேப்லேச்சரை, அதாவது எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறிப்பை, பார்த்துக் கற்பது தவறில்லை. எந்தப் பதிவைப் பார்த்து எழுதியது என்று கேட்காமல் கற்பதுதான் தவறு. 1960களில் கொலம்பியா நிறுவனத்துக்கு இதையே மறுபடி பதிவு செய்தார்கள். 2001இல் ஸ்க்ரக்ஸ் நண்பர்களோடு இன்னொரு தடவை வாசித்தார். நடிகர் ஸ்டீவ் மார்ட்டினும் அதில் பேஞ்சோ வாசித்தார். 1969இல் ஒன்று, 2002இல் ஒன்று என்று இந்த ஒரே மெட்டுக்கு இரண்டு கிராமி கிடைத்தன. ஒவ்வொரு முறையும் மனிதர் சிறு சிறு மாற்றங்கள் செய்திருக்கிறார். ஒன்றின் முதல் பாதியையும் இன்னொன்றின் மறுபாதியையும் ஒட்டினால் கையில் வருவது எதுவும் இல்லை. நான் 1949லிருந்தே தொடங்கச் சொல்வேன்.

கடைசியாக, பேஞ்சோக்காரர்கள் மறந்துவிடுகிற ஒருவர்: அந்தப் பதிவில் ஃபிடில் (வயலின்) வாசித்த பென்னி சிம்ஸ். பேஞ்சோ ஒரு சுற்று, ஃபிடில் ஒரு சுற்று என்று மாறி மாறித்தான் மெட்டு ஓடுகிறது. ஜாம்களில் ஃபிடில் தன் சுற்றை எடுக்கும்போது பேஞ்சோ அதே சத்தத்தில் ரோலை உருட்டிக்கொண்டே இருந்தால், பாவம், அவர் எங்கே நுழைவார்? அந்த நேரத்தில் கழுத்தின் மேல்பகுதியில் கார்டைப் பிடித்து, இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் சுருக்கென்று தட்டி, இடக்கையை லேசாகத் தளர்த்தி ஒலியை அடக்குங்கள். கார்டு வரிசை இது: ஜி, ஈ மைனர், ஜி, ஈ மைனர், ஜி, டி, ஜி. அவர் கடைசி ஜியில் இறங்கும்போது ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வந்து காத்திருக்க வேண்டும்.