16 பொட்டலங்களுக்கு 1.96 போதாது

500 கிராம் என்று அச்சிட்ட துவரம்பருப்புப் பொட்டலங்களில் 16 எடுத்து நிறுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 496 கிராம், எடைகளின் சிதறலைச் சொல்லும் திட்டவிலக்கம் 8. உண்மைச் சராசரி 500-தானா என்று பார்க்க, உடனே கை இயல்நிலைப் பரவலில் 95 சதவீதத்துக்கான எண்ணான 1.96-க்குத்தான் போகும். பழக்கதோஷம்!

மாதிரிச் சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்று சொல்லும் திட்டப்பிழை, 8-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் 2. அதை 1.96-ஆல் பெருக்கி 496-இன் இருபுறமும் வைத்தால், உண்மைச் சராசரிக்கு நாம் தரும் எல்லை, அதாவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, 492.08 முதல் 499.92 வரை. 500 வெளியே நிற்கிறது; உண்மைச் சராசரி 500 அல்ல என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஆனால் அந்த 8, அதே 16 பொட்டலங்களிலிருந்து நாமே கணித்தது. அதுவும் முன்னே பின்னே இருக்கலாம். கின்னஸ் பீர் ஆலையில் வேலைபார்த்த காஸெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதியது இந்தச் சிக்கலைப் பற்றித்தான். திட்டவிலக்கத்தையும் மாதிரியிலிருந்தே கணிக்கும்போது பயன்படும் டி அட்டவணையில், 16-இல் ஒன்று குறைத்து 15-ஆம் வரிசையைப் பாருங்கள்: 1.96-க்குப் பதில் 2.131. இடைவெளி இப்போது 491.74 முதல் 500.26 வரை. 500 உள்ளே வந்துவிட்டது.

உள்ளே இருந்தால், 5 சதவீத மட்டத்தில், கூடுதலா குறைவா என்று இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனையும் 500-ஐ நிராகரிக்காது. தனிக் கணக்கு வேண்டாம். அதற்காக, எடை சரியென்று நிரூபணமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான்.