பழைய துறைமுகத்தில் கப்பல் நிற்காது: கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு

மதுரையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் வண்டி புறப்படுகிற இடத்தைப் பார்த்துவிடுவேன். போன வருஷம் ஜெர்மனியில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் எங்களைக் கிரேக்கத் தீவுகளுக்குக் கூட்டிப் போனபோதும் அதே புத்திதான்.

விசாவுக்குத் தனியாக அலைய வேண்டாம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குவீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு நேராக மெட்ரோ போகிறது. அங்கே கவனம் வேண்டும். வாசல்களுக்கு ஈ1, ஈ2 என்று எண் போட்டிருக்கிறார்கள். நக்ஸோஸ், பரோஸ் பக்கம் போகும் கப்பல்கள் மெட்ரோவுக்கு எதிரே ஈ7 பக்கம் நிற்கும். ரோட்ஸ் கப்பல் ஈ1-இல், அது மறுகோடி. தேனி பஸ்ஸுக்கு ஆரப்பாளையம் போகாமல் மாட்டுத்தாவணியில் நின்ற கதையாகிவிடும். டிக்கெட்டில் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். துறைமுகத்துக்குள்ளேயே இலவச பஸ் ஓடுகிறது.

தீவுகளில் கப்பல் நிற்பது சில நிமிஷம்தான். பின்பக்கக் கதவு பாலம் மாதிரி இறங்கும். லாரி, கார், ஆள் எல்லாம் அதே வழி. இறங்குவதற்குக் கால் மணி முன்பே பெட்டியோடு கீழ்த்தளத்துக்கு வந்து நிற்க வேண்டும். பெட்டிகளை வைக்கும் தட்டுகளில் தீவுப் பெயர் எழுதியிருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள். ஆள் இறங்கி ஆள் ஏறி மறுபடி கதவு மூடுகிற அந்த வேகத்தைப் பார்த்து, வேலையில் இருந்த நாளில் இப்படி ஒரு பஸ்ஸை அனுப்பியிருப்பேனா என்று வெட்கப்பட்டேன்.

அடுத்தது எல்லோரும் தவறவிடுவது. படத்தில் பார்க்கும் பழைய துறைமுகம் வேறு, கப்பல் வந்து நிற்கும் இடம் வேறு. கிரீட் தீவின் ஹனியாவுக்கு டிக்கெட் எடுத்தால் சூடா என்ற இடத்தில் இறக்குவார்கள், ஊருக்கு ஆறேழு கிலோமீட்டர். சாந்தோரினியில் அதினியோஸில் இறக்குவார்கள். அந்தத் தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பழைய துறை மலையடியில், ஏறுவதற்கு 588 படி. கேபிள் கார் இருக்கிறது, முழங்காலை நம்பாதீர்கள். ரோட்ஸில் மட்டும் கவலையில்லை. கப்பலிலிருந்தே கோட்டை மதில் தெரியும், நடந்தே போகலாம். 1309 முதல் 1522 வரை, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவிப் படையான செயின்ட் ஜான் வீரர்கள் ஆண்ட ஊர். அவர்கள் பேசும் மொழி வாரியாகப் பிரிந்து, மொழிக்கு ஒரு விடுதி கட்டிக்கொண்ட தெரு இன்னும் அப்படியே இருக்கிறது. தெருவெல்லாம் கூழாங்கல், உருளைப் பெட்டி உதவாது. தோள் பைதான் சரி.

எனக்குப் பிடித்தது ஹனியாதான். கலங்கரை விளக்கம் வரை கல் அணையில் மாலையில் நடந்தோம். திரும்பும்போது கரையோரம் வளைந்த கூரையோடு பெரிய பெரிய கல் கொட்டகைகள். வெனிஸ்காரர்கள் கட்டியவை. குளிர்காலத்தில் துடுப்புக் கப்பல்களை உள்ளே இழுத்துப் பழுது பார்க்கும் இடமாம். மாப்பிள்ளை கையேட்டைப் படித்து விளக்கிக்கொண்டே வந்தார். எனக்கு எதற்கு விளக்கம்? அது டிப்போ! எப்.சி.க்கு வண்டி விடுகிற ஷெட். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். "ஏங்க, இம்புட்டுத் தூரம் வந்தும் ஷெட்டா?" என்றாள் மனைவி.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் போனோம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று அடிக்கும். வெயில் பளிச்சென்று இருக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் கப்பல் போகாது. காற்றின் வேகம் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் எட்டைத் தொட்டால் அனேகமாகத் தடைதான். சின்ன அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். நக்ஸோஸில் மாட்டிக்கொண்டோம். கரையோரம் கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் அப்போலோ கோயிலின் கல் வாசலை மூன்று தடவை போய்ப் பார்த்தாயிற்று. கப்பல் பணம் திரும்பி வந்தது. அன்று இரவு ஏதென்ஸில் ஏற வேண்டிய விமானத்தின் பணம் போயே போச்சு. ஆகவே கடைசித் தீவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். முடிந்தால் மே அல்லது செப்டம்பரில் போங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கடையில் ஃபாவா என்று கேளுங்கள். மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். நம் பருப்புக் கடைசல்தான், தாளிப்பு இல்லை. நக்ஸோஸில் மாட்டியிருந்த இரண்டு நாளும் அதையே சாப்பிட்டோம். இப்போது வீட்டில் கடைசல் செய்தால் மனைவி அடுப்பை அணைத்ததும் வெங்காயம் நறுக்கப் போய்விடுகிறாள்.