ஹுவா ஹின்னில் குடியேறுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிட்டயர் ஆனதும் கடலோரமாக எங்காவது போய் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று தாய்லாந்தின் ஹுவா ஹின்னுக்கு வரும் நம்மவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். ஏழாம் ராமா மன்னர் 1920களில் கோடை அரண்மனை கட்டிக்கொண்ட ஊர். அவசரமில்லாத கடற்கரை, இரவுச் சந்தை, மேற்கே குன்றுகள், நல்ல ஆஸ்பத்திரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் வந்து இறங்கியதும் செய்கிற காரியங்கள், நாங்கள் எல்லோரும் முதலில் வந்தபோது செய்த அதே அபத்தங்கள்தான். பாஸ்போர்ட் நகலைப் பத்திரமாக வையுங்கள், விசா தேதியைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

டிசம்பரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர் யாரையும் மயக்கிவிடும். மழை இல்லை, புழுக்கம் இல்லை, மாலையில் காற்று. அக்டோபரில் வந்து பாருங்கள். இங்கே பலத்த மழை அக்டோபர், நவம்பரில்தான். நீங்கள் வாடகைக்குப் பார்த்து வைத்த சந்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஏப்ரலிலும் ஒரு வாரம் இருந்து பாருங்கள். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று சொன்ன ஒருவர், மே மாதம் முழுக்க ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. சனி, ஞாயிறில் பாங்காக் கார்கள் பெட்காசெம் சாலையை அடைத்துக்கொள்வதும் டிசம்பர் டூரிஸ்ட் கண்ணுக்குப் பெரிதாகப் படாது.

கம்பெனி பெயரில் நிலம் வாங்குவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

தாய்லாந்தில் வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்க முடியாது. 1954ஆம் ஆண்டு நிலச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 4 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) முதலீடு செய்தால், அமைச்சரின் அனுமதியோடு, குடியிருக்க ஒரு ராய் வரை வாங்கலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு ராய் என்றால் 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 40 சென்ட். பென்ஷனில் வாழ வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

உடனே ஒரு ஏஜென்ட் வருவார். "சார், கம்பெனி ஒன்று ஆரம்பிப்போம். 49 சதவீதம் உங்கள் பெயரில், மீதி 51 இந்த நாட்டுக்காரர்கள் பெயரில். நிலம் கம்பெனிக்கு, கம்பெனி உங்கள் கையில்" என்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு கோவைக்காரர் இப்படித்தான் மாட்டினார். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வில்லங்கச் சான்றிதழைத் துருவித் துருவிப் பார்த்தவர். வீட்டுச் சாவி வாங்கப் போனபோது என்னையும் அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். ஃபைலைப் புரட்டினேன். உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூன்று பேர், ஆளுக்கு 17 சதவீதம். இவர்கள் யார் என்று கேட்டேன். அப்போதுதான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பெண்ணைக் கண்ணால் காட்டினார். இன்னொருவர் அந்த அலுவலகத்து டிரைவர். மூன்றாமவரை அவர் பார்த்ததே இல்லை. மூன்று பேரும் பங்குகளை மாற்றித் தரும் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "அது நம்ம பாதுகாப்புக்குங்க" என்றார். பினாமி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஊரில் யாராவது இப்படி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து கடன் கேட்டிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டத்தின் 36ஆம் பிரிவு பினாமியாக நிற்பவரையும் நிறுத்துபவரையும் சேர்த்தே பிடிக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். நிலச் சட்டத்தின்படி நிலத்தை விற்றுத் தொலைக்க 180 நாளுக்குக் குறையாமல் ஓராண்டுக்கு மிகாமல் கெடு கொடுப்பார்கள். நீங்கள் விற்காவிட்டால் அவர்களே விற்பார்கள். காபி கொண்டுவரும் பெண்ணுக்கு நிலத்தில் போட அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால் யார் பதில் சொல்வது? வியாபாரமே செய்யாத அந்தக் கம்பெனிக்கு வருடா வருடம் ஆடிட் செய்து கணக்குத் தாக்கல் செய்யும் செலவு தனி.

கோவைக்காரர் மேல் எந்த வழக்கும் வரவில்லை. பேரன் பிறந்ததும் ஊருக்குத் திரும்ப நினைத்து வீட்டை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர்களின் வக்கீல்கள் ஃபைலின் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கடைசியில் போட்ட பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "எல்லோரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்" என்று என்னிடம் வாதாடுகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: வாங்கியவர்களைக் கேட்காதீர்கள், விற்றவர்களைக் கேளுங்கள்.

கம்பெனி வேண்டாம் என்றால் அதே ஏஜென்ட் அடுத்து "90 வருட லீஸ்" என்பார். 30+30+30. சட்டம் குடியிருப்பு நிலத்துக்கு ஒப்புக்கொள்வது 30 ஆண்டுகள் மட்டுமே. அதற்கு மேல் எழுதியிருப்பது, கையெழுத்துப் போட்ட நிலச் சொந்தக்காரர் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் வாக்கு. அவர் நிலத்தை விற்றுவிட்டால் உங்கள் முதல் 30 ஆண்டு நிற்கும். மீதி 60ஐப் புதிய சொந்தக்காரர் மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. 90 வருடத்துக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

30 ஆண்டு லீஸ் தவறில்லை, ஒழுங்காகச் செய்தால். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட லீஸை நில அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மேல் அது செல்லாது. லீஸ் எடுத்தவர் இறந்தால் லீஸும் அதோடு முடிந்துவிடும், வாரிசுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய. ஆகவே கணவன், மனைவி இருவர் பெயரிலும் போடுங்கள்; வாரிசு பற்றிய வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அறுபது வயதுக்கு மேல் வருகிற தம்பதிகளுக்கு இதைவிட முக்கியமான வரி அந்தப் பத்திரத்திலேயே கிடையாது. நிலம்தான் உங்கள் பெயரில் இருக்க முடியாதே தவிர, அதன் மேல் கட்டும் வீடு இருக்கலாம். கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்கி, அடுத்தவர் நிலத்தில் வீடு வைத்துக்கொள்ளும் உரிமையையும் பதிந்துகொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் நில அலுவலகத்தில் சனோட் எனப்படும் முழு உரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். மேலே சிவப்புக் கருடன் முத்திரை இருக்கும். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அடமானம், பழைய லீஸ் எல்லாம் அங்கேதான் வரிசையாகப் பதிவாகியிருக்கும். தாய் மொழி தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரை நீங்களே காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஏஜென்ட் அனுப்பும் ஆள் வேண்டாம்.

காண்டோ பணத்தை பாட்டாக மாற்றி அனுப்புவது

காண்டோவை, அதாவது அடுக்குமாடி வீட்டை, உங்கள் பெயரிலேயே வாங்கலாம், கட்டடத்தின் மொத்தப் பரப்பில் வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டாதவரை. ஆனால் பணம் வெளிநாட்டு நாணயமாக வந்து, இங்குள்ள வங்கியில் பாட்டாக மாற வேண்டும். அதற்கு வங்கி தரும் சான்று இல்லாமல் நில அலுவலகம் பதிவு செய்யாது. அனுப்பும்போதே பாட்டாக மாற்றிவிட்டு, பிறகு சான்றுக்காக வங்கி வங்கியாக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் குடியிருப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம் என்பதையும் தவணை பேசுமுன் கணக்கில் வையுங்கள்.

எட்டு லட்சத்தைத் தொடுவது

ஐம்பது வயது முடிந்தவர்கள் இங்கே தங்குவதற்கான ஓய்வுக்கால அனுமதிக்கு 8 லட்சம் பாட் வங்கியில் வைக்கலாம். விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பிருந்தே அது கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அப்படியே கிடக்க வேண்டும். அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அனுமதி வந்த மறுவாரமே சோபா செட் வாங்க அதில் கை வைப்பவர்கள், அடுத்த வருடம் புதுப்பிக்கப் போகும்போது பாஸ்புக்கைத் திறக்கத் தயங்குகிறார்கள். கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு வீண் வம்பு.

வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்தில் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல பேர் செய்வதில்லை. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மற்ற வேலைகள் நின்றுபோகும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பது வேறு, அது உங்கள் பொறுப்பு.

கரண்ட் பில் கேட்காமல் கையெழுத்துப் போடுவது

மின்வாரியத்துக்கு நேரடியாகக் கட்டுகிறீர்களா, வீட்டுக்காரருக்குக் கட்டுகிறீர்களா? இரண்டாவது என்றால் யூனிட்டுக்கு மின்வாரிய விலையை விடக் கூடுதலாக அவர் கேட்கக்கூடும். போன மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கார் லைசென்ஸில் ஸ்கூட்டர் ஓட்டுவது

இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

மின்சிகரெட்

சட்டவிரோதம். கொண்டுவராதீர்கள்.

பொழுதுபோக்காக ஒரு சின்ன வேலை

யோகா வகுப்பு, இட்லி மாவு விற்பனை, தெரிந்தவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது. ஓய்வுக்கால அனுமதியில் வந்தவர்கள் எதையும் செய்யக் கூடாது. சுற்றுலா வழிகாட்டி வேலை வெளிநாட்டவருக்கே கிடையாது. உளுந்து வேண்டுமானால் பாங்காக்கில் இந்தியக் கடைகள் உள்ள பாஹுராட்டில் வாங்கி, வீட்டுக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.