டவுட்டா, சஸ்பெக்டா?

சர்வர் படுத்துவிட்ட ஒரு ராத்திரி. லண்டனில் இருந்த சக ஊழியருக்கு 'ஐ டவுட் தட் த டிஸ்க் இஸ் ஃபுல்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்ற சந்தேகத்தைத்தான் சொன்னேன். அவரோ டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விடிய விடியக் குடைந்திருக்கிறார். காலையில் பார்த்தால், டிஸ்க்தான் நிரம்பியிருந்தது!

படி 1: 'சந்தேகப்படுகிறேன்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். சிக்கல் வருவது டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் அதுவே பொருளாக இருப்பதால்தான்.

படி 2: மனதில் இருப்பது 'இருக்கும் போல' என்பதா, 'இருக்காது போல' என்பதா? இருக்கும் என்றால் சஸ்பெக்ட், இருக்காது என்றால் டவுட். நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்' என்றால் அவன்தான் எடுத்திருப்பான். 'ஐ டவுட் ஹீ டுக் இட்' என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் நேர் எதிர். டவுட்டின் லத்தீன் வேரில் 'இரண்டு' என்ற பொருள் இருக்கிறது. நம்ப முடியாமல் மனம் இரண்டாகிற நிலை என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

படி 3: ஆளைச் சொல்லும்போதும் இதே கணக்குதான். 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' என்றால் குற்றவாளி அவனாக இருக்கலாம். 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவன் பேச்சில் நம்பிக்கை இல்லை.

படி 4: 'சார், ஒரு டவுட்' நம் ஊரில் செல்லும். வெளிநாட்டவரிடம் 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியை இதற்கு நம்பாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படிப்பது என் வழக்கம்.

பிற்சேர்க்கை: 'ஐ டவுட் ஹீ வோன்ட் கம்' என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். வராமல் இருக்க மாட்டார், அதாவது வருவார். இப்படி எழுதாமல் இருப்பதே மேல். இன்னொருவர் ஸ்காட்லாந்து பேச்சுவழக்கை நினைவூட்டினார். அங்கே இந்த விதி தலைகீழாவதும் உண்டு. 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்' என்று ஒரு பாட்டி சொன்னால், குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.